இடம் உண்டு

இங்கிலாந்து நாட்டின் கடற்கரை ஊர்களிலும், திருத்தலங்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தெருவழியே நடந்து செல்வோர், சில வீடுகளின் முன்பக்கச் சன்னலில் கண்ணாடிக்கு உட்புறமாக ஒரு சிறு பலகை தொங்குவதைக் காண்பர். அதில் ‘இடம் உண்டு’ என்று எழுதியிருக்கும். அல்லது ‘இடம் இல்லை’ என்று எழுதியிருக்கும். பெட்டியைக் கையிற் சுமந்து, மழையில் நனைந்து, மாலை மயங்கும் வேளையில் வந்து சேரும் பயணிக்கு அப்பலகையின் ஒரு பக்கம் மோட்சம். மறு பக்கம் உத்தரிக்கிற தலம்.

இவை பெரிய ஓட்டல்கள் அல்ல. குடும்பத்தார் தாம் வாழும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, வழிப்போக்கருக்கு இராத் தங்க இடமும் காலையில் வயிறார உணவும் கொடுத்து, அதற்குரிய தொகையைப் பெற்றுக்கொள்ளும் இல்லங்கள். ‘பெட் அண்டு பிரேக்பாஸ்ட்’ என்பது பெயர்; படுக்கையும் காலையுணவும் என்பது பொருள். நண்பகல் உணவும் இரவு உணவும் பெரும்பாலும் கிடையா. சீருடை அணிந்த பணியாளரும் இல்லை. மணியை அழுத்தினால் வீட்டம்மையாரே ஈரக் கையைத் துடைத்தவாறு வந்து கதவைத் திறப்பார். நாம் உறங்கும் அறையில் அவருடைய மகனோ மகளோ வளர்ந்திருக்கக் கூடும். அவர்களுடைய பள்ளிக்கூடப் படம் இன்னும் சுவரில் மாட்டியிருக்கும்.

சென்ற கோடையில் இத்தகைய இல்லம் ஒன்றில் நாம் மூன்று இரவுகள் தங்கினோம். அங்கு நிகழ்ந்ததை வாசக அன்பர்களிடம் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும் என்று பல நாட்களாக மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இலண்டனில் வாழும் நம் தமக்கை மகனின் இல்லத்தில், சிறுமி ஒருத்திக்குப் புதுநன்மை விழா. அதற்காக எழுபத்தொன்பது வயதான நம் தாயாரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். விழா முடிந்தது, உறவினர் வீடுகளும் முடிந்தன. “அரண்மனையும் மணிக்கூண்டும் எனக்கெதற்கு? வால்சிங்காம் மாதாவைப் பார்க்காமல் விமானம் ஏறமாட்டேன்” என்று தாயார் உறுதியாகக் கூறிவிட்டார்.

வால்சிங்காம் என்பது நார்போக் மாநிலத்தில், வடகடலிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சிற்றூர். 1061-ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் சீமாட்டிக்கு மரியன்னை காட்சியளித்து, நாசரேத்தில் தாம் வாழ்ந்த வீட்டைப் போல ஒரு சிறு வீட்டை அங்கே கட்டச் சொன்னார்கள் என்பது மரபு. அதனால் அவ்வூருக்கு ‘இங்கிலாந்தின் நாசரேத்து’ என்றே பெயர் வந்தது. அரசர்களும் ஏழைகளும் நடந்து சென்று வணங்கிய தலம் அது. எட்டாம் ஹென்றி மன்னர் 1511-இல் திருயாத்திரிகராக அங்கே வந்தார்; அதே மன்னரின் ஆட்சியில் 1538-இல் அத்தலம் அழிக்கப்பட்டு, அன்னையின் சுரூபம் இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு எரியூட்டப்பட்டது. ஊருக்கு ஒரு மைல் முன்னதாக, பயணிகள் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கிய பதினான்காம் நூற்றாண்டுச் சிற்றாலயம் மட்டும் களஞ்சியமாகவும் மாட்டுக் கொட்டகையாகவும் தப்பிப் பிழைத்தது. 1896-இல் சார்லட் பாய்டு அம்மையார் அதனை விலைக்கு வாங்கினார். 1934-இல் கர்தினால் பூர்ன் ஆண்டகை தலைமையில் நாட்டின் கத்தோலிக்கர் அங்கே திரண்டனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அத்திருத்தலத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஊருக்குள்ளே ஆங்கிலிக்கன் சபையாருக்கும் தனித் திருத்தலம் உண்டு. ஊரின் பழைய இரயில் நிலையத்தைக் கூட 1960-களில் ஆர்த்தடாக்ஸ் சபையார் சிற்றாலயமாக்கிக்கொண்டனர். மாதாவின் ஊரில் தண்டவாளம் போனாலும் செபம் போகவில்லை!

இங்கிலாந்தில் குடியேறிய தமிழர்கள், சிறப்பாக ஈழத்திலிருந்து சென்றவர்கள், ஆண்டுதோறும் கோடையில் ஆயிரக்கணக்கில் அங்கே திருயாத்திரை செல்கின்றனர். அந்நாளில் கூட்டம் மிகுதி. தாயாரின் கால்கள் தாங்கா. ஆகவே நாம் வேறொரு வாரத்தைத் தெரிந்துகொண்டு, அருகிலுள்ள கிராமத்தில் ஒரு பெட் அண்டு பிரேக்பாஸ்ட் இல்லத்தை அமர்த்தினோம். தமக்கை மகனே காரோட்டி வந்தான்.

வீட்டம்மையார் எழுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், மெதடிஸ்ட் சபையைச் சார்ந்தவர். உயர்ந்த உருவம், நேரான முதுகு, சிரிக்காத முகம். நம்மை ஏற இறங்கப் பார்த்து, சாவியைக் கொடுத்து, காலையுணவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொல்லாது விட்டவற்றையெல்லாம் சுவர்கள் சொல்லின. எங்கு நோக்கினும் அட்டையில் எழுதிய அறிவிப்புகள். காலணியை வாயிலில் கழற்றுக. சன்னலை மெதுவாக மூடுக. தேநீர்ச் சட்டியில் முட்டை அவிக்கற்க. இரவு பத்து மணிக்குமேல் பேச்சொலி வேண்டா. தாயார் எண்ணிப் பார்த்தார், பதினொன்று இருந்தன. தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. “இதிலெல்லாம் என்னப்பா எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். நாமும் தமக்கை மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். “ஒன்றுமில்லை அம்மா, கிழவியின் முணுமுணுப்பு” என்றோம். குளியலறைக் கதவின் உட்புறத்திலும் ஓர் அட்டை இருந்தது. அதையும் நாம் வாசித்தோம், அதற்கும் சிரித்தோம்.

இங்கிலாந்தின் விடுதிக்காரப் பெண்மணிகளைப் பற்றி அந்நாட்டாரே காலங்காலமாகக் கேலி பேசுவர். வடக்கிலுள்ள பஞ்சாலை நகரங்களில் கோடையில் ஒரு வாரம் ஆலைகளையெல்லாம் மூடிவிடுவார்கள். ஊரே பெட்டி கட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டம் 1938-இல் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகியது. அங்கே வீட்டம்மாள் வைத்ததே சட்டம். காலையில் உண்டு முடித்ததும் வெளியே போய்விட வேண்டும். மழையானாலும் மாலைவரை திரும்பக் கூடாது. மேசையிலுள்ள உப்புக்கும் மிளகுப் பொடிக்கும் தனிக் கட்டணம் என்பது பழைய பரிகாசம். 1975-இல் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரைக் களமாகக் கொண்டு, விருந்தினரைக் கண்டாலே எரிந்துவிழும் ஓட்டல்காரர் ஒருவரைப் பற்றித் தொலைக்காட்சி நாடகம் ஒன்று வந்தது. மொத்தம் பன்னிரண்டு பகுதிகளே. இன்றளவும் அந்நாட்டார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர்.

ஆனால் அன்று மாலை நம் மனத்தில் ஓடியது வேடிக்கையான எண்ணம் அன்று. அந்த அம்மையார் ஏன் சிரிக்கவில்லை? நம் நிறத்தைக் கண்டோ?

இவ்வையத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் நம் நாடுகளிலிருந்தும் வேலை தேடிச் சென்றவர்கள், வாடகை அறைகளின் சன்னலில் கறுப்பருக்கு இடமில்லை என்ற அட்டைகளைப் பார்த்துப் பார்த்துத் தெருத்தெருவாய் அலைந்தனர். அயர்லாந்து நாட்டாருக்கும் சில வீடுகளில் அதே மறுமொழி. அந்த அயர்லாந்துக்காரர் பெரும்பாலும் கத்தோலிக்கத் தொழிலாளர் என்பதை நாம் மறக்கலாகாது. இன்று இங்கிலாந்தில் நாம் காணும் பங்குக் கோவில்கள் பல அவர்களுடைய வார ஊதியத்துச் சில்லறையால் எழுந்தவை.

லியரி கான்ஸ்டன்டைன் என்னும் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரரின் வழக்கு இங்கே நினைவுகூரத் தக்கது. 1943-இல் இலார்ட்ஸ் மைதானத்தில் விளையாட வந்த அவர், மனைவிக்கும் மகளுக்கும் தமக்குமாக இலண்டன் ஓட்டல் ஒன்றில் நான்கு இரவுகளுக்கு இடம் பதிந்திருந்தார். வந்து சேர்ந்ததும், ஓர் இரவுக்குமேல் தங்க முடியாது என்றனர். அங்கிருந்த அமெரிக்கர் அவரது நிறத்தை விரும்பமாட்டார்களாம். நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் அக்காலத்தில் இல்லை. ஆயினும் அந்நாட்டின் பழமையான சத்திரச் சட்டம் ஒன்று இருந்தது. தகுந்த நிலையில் வந்து, கட்டணம் கொடுக்க ஆயத்தமாயுள்ள எந்த வழிப்போக்கனையும், இடம் இருக்குமானால், சத்திரக்காரன் காரணமின்றித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அது. இரவில் கதவடைக்கப்பட்டவன் கள்வர் கையிலோ பனியிலோ மடிவான் என்று அறிந்த காலத்தின் சட்டம். 1944-இல் நீதிமன்றம் அதனைக் கொண்டே கான்ஸ்டன்டைனுக்கு நீதி வழங்கியது. இழப்பீடு ஐந்து கினி மட்டுமே. ஆனால் அத்தீர்ப்பு நின்றது. பின்னர் 1969-இல் அவர் பிரபுக்கள் சபையிலேயே அமர்ந்தார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அப்பழைய கடமை வருவோர் போவோருக்கெல்லாம் பொதுவான சத்திரங்களையும் ஓட்டல்களையுமே கட்டுப்படுத்தியது. ஆள் பார்த்து இடங்கொடுக்கும் தனியார் தங்கல் வீட்டைக் கட்டுப்படுத்தவில்லை. 1965-இலும் 1968-இலும் வந்த இனவுறவுச் சட்டங்கள் படிப்படியாக அக்கதவுகளைத் திறந்தன. இன்று 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி எந்த விடுதிக்காரரும் நிறங்கருதியோ சமயங்கருதியோ இடமில்லை என்று சொல்ல முடியாது. எனினும் கதவைத் திறக்கச் சட்டம் செய்யலாம். திறப்பவர் முகத்திற்கு யார் சட்டம் செய்வது? இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டே அன்றிரவு செபமாலைக்கு முழந்தாளிட்டோம்.

மூன்றாம் காரணிக்கத்தில் கதவு தட்டப்பட்டது. “மாமா, சத்தம் என்று சொல்ல வந்துவிட்டார்” என்று தமக்கை மகன் கிசுகிசுத்தான். கதவைத் திறந்தால் அம்மையார், கம்பளி உறை போட்ட வெந்நீர்ப் பை ஒன்றை ஏந்தி நின்றார். தாயாரைச் சுட்டிக்காட்டி, இரவில் குளிரும், கால்மாட்டில் வைக்கவும் என்று சொன்னார். நம் கையிலிருந்த செபமாலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார். அப்போதே நமக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ஆங்கிலேயக் குளியலறையைப் பற்றி அறியாதோருக்குச் சிறிது விளக்கம் வேண்டும். அந்நாட்டுப் பழைய வீடுகளில் மாடித் தளம் மரப்பலகையால் ஆனது. அதன் அடிப்புறம் சுண்ணமோ சாந்தோ பூசிய மெல்லிய கூரையே கீழறையின் முகடு. குளியலறை பெரும்பாலும் பிற்காலத்தில் படுக்கையறையின் மூலையைத் தடுத்துக் கட்டியது. நம் வீடுகளில் உள்ளது போலத் தரையில் நீர் ஓடும் துளை இல்லை. சில வீடுகளில் தரையில் கம்பளமே விரித்திருப்பர்! வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய், இரண்டும் எட்டாத தூரத்தில். பரணிலுள்ள தொட்டியிலிருந்து வரும் வெந்நீர் குடிதண்ணீருடன் கலந்துவிடாதிருக்க அவ்வாறு பிரித்து வைத்தனர். விளக்குக்குச் சுவரில் பொத்தான் இல்லை. முகட்டிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். ஈரக் கை மின்சாரத்தில் படலாகாதென்று அந்த ஏற்பாடு. குளிப்பதெல்லாம் தொட்டிக்குள்ளேதான், திரைச்சீலையையும் தொட்டிக்குள்ளே விட்டுக்கொண்டுதான்.

எழுபத்தொன்பது வயதில் அவ்வுயரமான தொட்டிக்குள் ஏறுவது எப்படி? தாயார் ஊரிலிருந்து எவர்சில்வர் செம்பு ஒன்றைத் துணிகளுக்கிடையே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தொட்டியை நிரப்பிக்கொண்டு, தாம் தரையில் நின்று, நம் வீட்டுக் கிணற்றடியில் நிற்பதைப் போல, மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்திருக்கிறார்.

நாமும் தமக்கை மகனும் கீழே உணவு மேசையில் அமர்ந்திருந்தோம். வெள்ளை விரிப்பு; வெள்ளிக் கரண்டிகள்; ஆரஞ்சுத் தோல் மிதக்கும் மார்மலேடு கிண்ணம். அம்மையார் அடுக்களையில் முட்டை பொரிக்கும் ஓசை கேட்டது. அப்போது விரிப்பின்மீது ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தோம். வெண்முகட்டில் ஒரு பழுப்பு வட்டம், தட்டளவு, மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. இரண்டாம் சொட்டு. மூன்றாம் சொட்டு.

“மாமா, பேசாமல் இருப்போம். பழைய வீடு, கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்வார்” என்றான் தமக்கை மகன்.

நாம் என்ன செய்தோம்? பால் குவளையை நகர்த்தி, ஈரம்பட்ட இடத்தின்மேல் வைத்தோம். அம்மையார் தட்டுகளுடன் வந்தார். பன்றியிறைச்சி வறுவல், தொத்திறைச்சி, பொரித்த முட்டை, வாட்டிய தக்காளி, காளான், இனிப்புச் சாற்றில் ஊறிய அவரை, பொரித்த ரொட்டி. ‘முழு ஆங்கிலக் காலையுணவு’ என்று அந்நாட்டார் பெருமையுடன் சொல்லும் அதனை உண்டால் மாலைவரை பசி தலைகாட்டாது. நாம் அதை உண்டோம். சுவை தெரியவில்லை. தாயார் இறங்கி வந்ததும், வெளியே போக நேரமாயிற்று என்று அவசரப்படுத்தி, அரைத் தேநீரோடு அவரைக் கிளப்பிக் காரில் ஏற்றினோம்.

முதலில் ஊருக்குள் இறங்கி, இடிந்த மடத்தைப் பார்த்தோம். அகுஸ்தீனார் சபைத் துறவியர் வாழ்ந்த அம்மடத்துப் பேராலயத்தின் கிழக்குச் சுவரில் ஒரு மாபெரும் வளைவு மட்டும் புல்வெளி நடுவே வானத்தைச் சட்டமிட்டு நிற்கிறது. 1536-க்கும் 1540-க்கும் இடையில் அந்நாட்டு மடங்களெல்லாம் மூடப்பட்டபோது, செபங்களோடு விருந்தினர் இல்லங்களும் மூடப்பட்டன. அதுவரை நெடுவழிப் பயணி நம்பியிருந்தது மடத்து வாயிலையே. வருகின்ற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது புனித ஆசீர்வாதப்பர் தம் சபையாருக்கு வகுத்த ஒழுங்கு. கதவு தட்டப்பட்டதும் வாயில் காப்போர் இறைவனுக்கு நன்றி கூறித் திறக்க வேண்டும். மடாதிபதியே விருந்தினர் கையில் நீர் வார்க்க வேண்டும். அவ்வழக்கத்தின் ஒரு துளி இன்றும் வின்செஸ்டர் நகரில் புனித சிலுவை அறநிலையத்தில் நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிளாய் ஹென்றி ஆயர் நிறுவியது அது. வழிப்போக்கர் யாராயினும் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சிறு கிண்ணம் பார்லிமதுவும் காசு வாங்காமல் கொடுக்கின்றனர்.

இதையெல்லாம் தாயாருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஏட்டில் படித்ததைச் சொல்வது எளிது.

பிறகு புனித மைல் வழியே சிற்றாலயத்தை நோக்கி நடந்தோம். தாயார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வயல்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதை. பாதி வழியில், “ஏனப்பா காலையிலிருந்து முகம் இப்படி இருக்கிறது?” என்று கேட்டார். சொல்லிவிட்டோம். சொட்டுகளைச் சொன்னோம், பால் குவளையையும் சொன்னோம்.

தாயார் நின்றுவிட்டார். “குளியலறையில் அட்டை மாட்டியிருந்ததே, அதில் என்ன எழுதியிருந்தது?”

“தண்ணீரைத் தரையில் விடாதீர்கள், கீழே ஒழுகும் என்று.”

“ஒன்றுமில்லை என்று சொன்னாயே.”

அவ்வளவுதான் கேட்டார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. கோபுரமணி கேட்கும் தூரத்தில் நண்பகல் திருப்பலிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த அம்மூதாட்டி, வெறுங்காலுடனே ஊரை நோக்கித் திரும்பினார். “அம்மாச்சி, திருப்பலி முடிந்து போவோம்” என்று பேரன் கெஞ்சினான். “மாதா எங்கே போய்விடப் போகிறாள்? முதலில் அந்தம்மாளைப் பார்ப்போம்” என்று சொல்லி நடந்தார்.

வீட்டிற்குள் நுழைந்தபோது உணவு மேசைமீது ஒரு பேசின் வைக்கப்பட்டிருந்தது. விரிப்பு எடுக்கப்பட்டிருந்தது. அம்மையார் நாற்காலியில் ஏறி நின்று முகட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். தாயார் கைகுவித்துத் தமிழிலேயே பேசினார். தம் மார்பைத் தொட்டு, முகட்டைக் காட்டினார். நாம் அதை மொழிபெயர்த்தோம். பிறகு மொழிபெயர்க்க வேண்டாதவற்றையும் சொன்னோம்: அட்டையை வாசித்தது, சிரித்தது, தாயாரிடம் மறைத்தது, காலையில் கண்டும் காணாதவராய் எழுந்து போனது.

அம்மையார் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவர் கேட்ட முதற்கேள்வி: “உங்கள் தாயார் ஈரத்தில் வழுக்கி விழவில்லையே?”

இல்லை என்றறிந்த பின்னரே மற்றது. வெள்ளையடிப்பவரை அழைக்க வேண்டும், எண்பது பவுண்டு ஆகலாம் என்றார். கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். ‘வேண்டா, போகட்டும்’ என்று அவர் சொல்வார், நாம் இரண்டு முறை வற்புறுத்துவோம், பிறகு பாதியாக முடியும் என்று தமக்கை மகன் எதிர்பார்த்தானாம். நமக்கோ அவர் வாங்கிக்கொண்டது பெரிய ஆறுதலாயிருந்தது. இரக்கப்பட்டு விட்டிருந்தால் அக்கறையை நாம் ஊருக்கே சுமந்து வந்திருப்போம். காசு வாங்கி உபசரிப்பது உபசாரமா என்று நம்மிற் சிலர் கேட்பதுண்டு. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதை முதலிற் கேட்டவரைக் கண்டபின் அக்கேள்வி நமக்கு எழவில்லை.

பின்பு தேநீர் கொடுத்தார். நாம் கேட்கத் துணியாததைத் தாமே சொன்னார். பதினோர் அட்டைக்கும் பதினொரு கதை இருந்தது. சன்னல் அட்டை, கயிறறுந்து ஒரு குழந்தையின் விரல் நசுங்கிய பின் எழுதியது. தேநீர்ச் சட்டி அட்டை, நாம் நினைத்தது போலவே, உண்மையில் ஒருவர் முட்டை அவித்த பின் எழுதியது. பேச்சொலி அட்டை, கணவர் நோயுற்றுக் கிடந்த மாதங்களில் எழுதியது. அவர் இறந்து நான்கு ஆண்டாகியும் எடுக்க மனம் வரவில்லையாம்.

அன்று மாலை திருப்பலி கண்டு திரும்பியபோது நம் குளியலறைத் தொட்டியின் குறுக்கே ஒரு வெள்ளைப் பலகை பொருத்தியிருந்தது. வெளியிலிருந்தே அதன்மேல் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளலாம். நோயுற்ற கணவருக்காக வாங்கியது. தாயார் மறுநாள் அதில் அமர்ந்து, செம்பால் மொண்டு, ஒரு சொட்டும் வெளியே போகாமல் குளித்தார்.

அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டு ஆயர்கள் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை 2011-இல் மீண்டும் நிலைநாட்டினர்; தாயாரோ அதை ஒருநாளும் விட்டவரல்லர். இறைச்சி வேண்டா என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். மேசையில் ஒரு மூடிய பாத்திரம் வந்தது. திறந்தால் மஞ்சள் நிறச் சோறு. அதில் புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும். ‘கெட்ஜரீ’ என்றார் அம்மையார். தம் பாட்டி காலத்துக் காலையுணவாம். நம் நாட்டுக் கிச்சடிதான் வெள்ளையரோடு கப்பலேறி, பருப்பை இழந்து மீனைப் பெற்று, பெயரையும் சற்றுச் சிதைத்துக்கொண்டு அங்கே குடியேறியிருக்கிறது. தாயார் இரண்டு முறை வாங்கி உண்டார். உப்பு மட்டும் குறைவு என்றார். அதை நாம் மொழிபெயர்க்கவில்லை.

சனிக்கிழமை புறப்படும்போது அம்மையார் ஒரு வெற்று அட்டையையும் கறுப்பு மையையும் கொண்டுவந்தார். கோடைத் திருயாத்திரைக்கு நம் மொழி பேசுவோர் நிறையப் பேர் வருகின்றனர். குளியலறை அட்டையில் உள்ளதை நம் எழுத்தில் எழுதித் தரவேண்டும் என்றார். நாம் எழுத அமர்ந்தோம். “கண்டிப்பாக எழுதாதே, நான் சொல்கிறபடி எழுது” என்றார் தாயார். அவர் சொன்னபடியே எழுதினோம்: ‘இந்த வீட்டம்மாள் நல்லவர். தண்ணீரைத் தரையில் ஊற்றி அவருக்குக் கஷ்டம் கொடுக்காதீர்கள். ஏற முடியாதவர்கள் பலகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.’

கிறிஸ்துமஸ் காலத்தில் தமக்கை மகனின் முகவரிக்கு அவரிடமிருந்து ஓர் உறை வந்தது. வெள்ளையடித்தவரின் இரசீது அதில் இருந்தது: அறுபத்தைந்து பவுண்டு. மீதிப் பதினைந்து பவுண்டும் உடன் இருந்தது. வாழ்த்து அட்டையின் அடியில் நான்கு வரி எழுதியிருந்தார். அக்டோபரில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து தங்கியதாம். குளியலறையிலிருந்து வெளியே வந்த பெண்மணி அவரைக் கட்டியணைத்துக்கொண்டாராம். அந்த அட்டையில் நீங்கள் அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார்.